உதாரணத்துக்கு ஒரு பிள்ளை

உள்ளங்கையில் விளிம்பு முட்ட நிறைந்த பிளேன்டீக் கோப்பையோடு அசையாமல் இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாடசாலையின் பழைய விளையாட்டுச் சாமான் அறை! உடைந்த தடைதாண்டல் சட்டங்களும் காற்றுப்போன பந்துகளும் கிடக்கிற அந்த அறையைத் துப்புரவாக்கி, இரண்டு கதிரை போட்டு, பிள்ளைகள் வந்து மனம்விட்டுக் கதைக்கிற இடமாக்கினால் என்ன? அந்த நிமிசமே எழும்பி ஓட வேண்டும்போல இருந்தது. ஓடினால் டீ சிந்திவிடும்.

கல்முனையில் ஒரு மேல்மாடி மண்டபம். பயிற்சியின் மூன்றாம் நாள். ஆசிரியர்கள், பிள்ளைகள் விடுதிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், நன்னடத்தைப் பிரிவில் வேலை செய்பவர்கள் என்று நாற்பது பேர். வீட்டில் இடி விழுந்து, வகுப்பில் முரண்டு பிடிக்கிற, அல்லது வாயே திறக்காமல் போய்விட்ட பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்று எங்களைப் பழக்க வந்த வளவாளர்தான் மிஸ். இரண்டிரண்டு பேராக எங்களை எதிரெதிரே இருத்தியிருந்தார். ஒருவர் தன்னுடைய கஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் கோப்பையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கேட்க வேண்டும்.

"புத்தி சொல்ல வாய் உன்னக்குள்ள கை ஆடும். கை ஆடினா டீ ஊத்தும். ஊத்தாமக் கேட்டுப் பாருங்க" என்றார்.

பத்து நிமிசத்தில் மண்டபத்துத் தரை முழுக்க டீ. என்னுடைய சோடி ஒரு விடுதியின் மேட்ரன். அக்கா முறையில் ராத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவ கேட்கிற முறையில் நான் இரண்டு வசனம் சொல்ல முதலே அவவின் மடி நனைந்துவிட்டது.

"மிஸ், இந்தக் கோப்பைய என்ட புருஷன் கதைக்கக்குள்ள தந்திரிந்தா இவ்வளவு நேரம் கையில வெச்சிரிக்க மாட்டன். தலையில கவுத்திரிப்பன்" என்றா ராத்தா. எல்லோரையும்விடக் கூடச் சிரித்தது மிஸ்தான்.

அந்த மிஸ்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்குச் சிரித்தது பொய்யில்லை. அதை வெட்டிவிட்டு எழுதினால் நான் கோள் சொல்பவளாகிவிடுவேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பட்டம் முடித்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற கடிதத்தோடு ஒரு பெண்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். போன இடத்தில் எனக்குப் பாடமும் இல்லை, வகுப்பும் இல்லை, மேசைகூட இல்லை. ஒரு வருடம் நூலகத்து மூலையில் இருந்து புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டினேன். பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது மற்ற எல்லோருக்கும் வகுப்பு இருந்தது. எனக்கு மட்டும் இருக்கவில்லை. அதனால் என்னை அனுப்பினார்கள். ஐந்து நாளில் மிஸ் என்னை ஆளாக்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

யாராவது தன்னிடம் கதைக்க வந்தால் மிஸ் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கழற்றி, முகம் கீழே பார்க்க மேசையில் வைப்பார். வேறு ஒன்றும் செய்ய மாட்டார். அதைப் பார்த்ததும் வந்தவருக்குத் தொண்டை இளகிவிடும். பிரம்போடு முப்பது வருடம் நடந்த ஒரு பிரதி அதிபர், இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் மிஸ்ஸுக்கு முன்னால் இருந்து, தன்னுடைய வாப்பா தன்னைத் தென்னையில் கட்டிவைத்து அடித்ததைச் சொல்லி மூக்கைச் சீறினார். மிஸ் 'அச்சோ' என்றுகூடச் சொல்லவில்லை. கழற்றிய கடிகாரத்தைத் தொடாமல் அப்படியே இருந்தார்.

"பிள்ள கதைய நிப்பாட்டினா நீங்க தொடங்காதீங்க. மனசுக்குள்ள எட்டு எண்ணுங்க. எட்டுக்குள்ள பிள்ளைட கத மறுகா வரும்." இது அவர் எங்களுக்குத் தந்த மந்திரம். வீட்டில் உம்மாவிடம் முயன்று பார்த்தேன். உண்மையிலேயே வந்தது. உம்மா சின்னம்மாவோடு பேசாமல் இருக்கிற காரணம் ஆறாவது எண்ணிக்கையில் வந்துவிட்டது!

குறிப்பு எடுக்கவே மாட்டார். எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். ஞாபகத்தில் இருந்தது எல்லாம் பிறகு உதாரணமாக வரும். "உதாரணத்துக்கு" என்று அவர் தொடங்கினால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மண்டபத்தில் கேட்கும். உதாரணத்துக்கு, கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டியைத் தின்கிற ஒரு பிள்ளை. உதாரணத்துக்கு, தன்னுடைய தங்கச்சியை வகுப்புக்குக் கூட்டிவந்து மேசைக்குக் கீழே ஒளித்து வைத்த ஒரு பிள்ளை. "பேர் பாத்திமா எண்டு வைப்பம்" என்பார். எல்லாப் பிள்ளையும் பாத்திமா. கேட்டு அழுதோம், சிரித்தோம், கொப்பியில் எழுதினோம். இந்தப் பாத்திமாக்கள் எங்கே இருந்து வருகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கந்தூரிச் சோறு தின்கிறபோது மாடு யாருடையது என்றா கேட்கிறோம்?

ஒரேயொரு உதாரணத்துக்கு மட்டும் பாத்திமா என்ற பெயர் இல்லை. "என்ட மகள்" என்றே சொன்னார். "பன்னிரண்டு வயசு வரைக்கும் பாய நனைச்சவ. நான் அடிச்சிரிக்கன். நாலு பேருக்கு முன்னால பாயக் காயப் போட்டு வெக்கப்படுத்திரிக்கன். வளவாளர் எண்டு ஊருக்குப் படிப்பிச்சிட்டு வீட்ட வந்து அதைச் செஞ்ச நான்." நாற்பது பேரும் அவரை வணக்கத்தோடு பார்த்தோம். தன் பிழையைச் சபையில் வைக்கிற மனுசி!

நாலாம் நாள் பகல், அவருக்குச் சாப்பாடு கொண்டு ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற வயது. நல்ல உயரம். கையில் சாப்பாட்டுக் கெரியர். "என்ட மகள்" என்று மிஸ் பெருமையோடு காட்டினார். நாற்பது முகமும் ஒன்றாகத் திரும்பியது. மேட்ரன் ராத்தாவுக்கு இரகசியம் பேசத் தெரியாது.

"அல்லாஹ்வே, இந்தப் புள்ளையா அந்தப் பாய்?"

அந்தப் பெண்ணுக்குக் கேட்டது. கெரியரை மேசையில் வைத்தாள். தன்னுடைய உம்மாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு படியில் இறங்கிப் போனாள். மிஸ் சிரித்துக்கொண்டே, "இப்ப அவக்குக் கோவம். பாருங்க, கோவத்தில பிள்ளைகள் எப்பிடிக் கதவச் சாத்தாமப் போறாங்க எண்டு. இதையும் ஒரு உதாரணமா எடுங்க" என்றார்.

நான் அதை எழுதினேன். கொப்பியில் இப்பவும் இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

முதல் நாளே மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தோம். நீல மையில், 'இங்கே கதைத்தது இங்கேயே'. கீழே நாற்பது பேரும் கையொப்பம் வைத்தோம். எல்லோருக்கும் மேலே, பெரிதாக, மிஸ்ஸுடைய கையொப்பம்.

பயிற்சி முடிந்து பாடசாலைக்கு வந்தேன். அதிபர் சிரித்தார். "விளையாட்டு அறையில கதையா? செரி, செஞ்சு பாருங்க புள்ள." இரண்டு நாள் தூசி தட்டினேன். திரை தைத்தேன். ஒரு மாதத்தில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்தவள் அந்த வருடம் அரசாங்கச் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். கெட்டிக்காரி. கொஞ்ச நாளாக வகுப்பில் வாய் திறப்பதில்லை. மூன்று நாள் இடைவேளைக்கு வந்து சும்மா இருந்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் எட்டு எண்ணினேன். பிறகு இன்னொரு எட்டு.

"மிஸ், வாப்பா கட்டார்ல இல்ல."

'எங்கே?' என்று கேட்க நாக்கு எழும்பியது. அடக்கினேன்.

"ஜெயில்ல. ரெண்டு வருசம். ஒருத்தருக்கும் தெரியா."

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்குப் பெட்டி வந்தால், எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு, அந்தச் சந்தில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம், ஒரு பங்கு போக வேண்டும். போகாவிட்டால் கேள்வி வரும். அவளுடைய உம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். பெருநாளைக்குப் பெருநாள் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய் வெளிநாட்டுச் சொக்லட் வாங்குவா. வீட்டில் கட்டார் எழுத்துப் போட்ட பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் அடுக்கி, டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க மூலையில் வைத்திருந்து, அயல் பெண்கள் வந்து இருக்கிற நேரமாகப் பார்த்துக் கத்தியால் வெட்டித் திறப்பா.

"அக்கம்பக்கம் குடுக்கிறது என்ட வேல மிஸ். 'வாப்பா அனுப்பின' எண்டு ஒவ்வொரு வாசல்லயும் சொல்லிக் குடுக்கோணும். சொல்லிச் சொல்லி வாய் கசக்குது. சில நேரம் நானும் நம்பிருவன். சொக்லட்டத் திண்டுக்கு இருக்கக்குள்ள, வாப்பா நல்லாத்தான் இருக்கார் போல எண்டு நினைப்பன்."

அன்றைக்கு அழுதாள். மறுநாள் வகுப்பில் கணக்கு ஒன்றுக்குக் கையுயர்த்தி விடை சொன்னாளாம். கணித டீச்சர் என்னைத் தேடி வந்து சொன்னா. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அடுத்த கிழமை மிஸ்ஸுடைய மீளாய்வு நாள். ஒவ்வொருவரும் தான் கையாண்ட ஒரு பிள்ளையைப் பற்றிச் சோடியிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆள் எண்ணிக்கை ஒற்றையாக வந்ததால் எனக்குச் சோடி மிஸ்தான். கடிகாரத்தைக் கழற்றினார், கவிழ்த்து வைத்தார். நான் சொன்னேன். அழகாகச் சொன்னேன். பெட்டி, டேப், கத்தி, சொக்லட், ஒன்றும் விடவில்லை. பிள்ளையைக் கேட்ட முறை சரியா என்று அறிய அந்தச் சொக்லட் தேவையே இல்லை. கதை நன்றாக இருந்ததால் சொன்னேன். மிஸ் என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா வருவீங்க மகள்" என்றார். அந்த வசனத்துக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று கிழமைக்குப் பிறகு பக்கத்து ஊரில் பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கு ஒரு பயிற்சி. அதிலும் மிஸ்தான் வளவாளர்; அங்கே நடந்தது இரண்டு நாளில் ஊர் வாயால் என் காதுக்கும் வந்தது. "உதாரணத்துக்கு ஒரு பிள்ளை. பேர் பாத்திமா எண்டு வைப்பம். வாப்பா வெளிநாட்டில எண்டு ஊரே நம்புது." மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தவ அந்தப் பிள்ளையின் ஒழுங்கைக்காரி. இரண்டு பெருநாளைக்கு அந்தச் சொக்லட்டைத் தின்றவ.

பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில், வீட்டு வாசல் கடப்படியில் நின்ற அந்த உம்மாவைப் பார்த்துக் கேட்டாவாம்: "என்னகா, கல்முனைக் கடையில கட்டார் சொக்லட் இரிக்கா, முடிஞ்சிட்டா?"

அடுத்த நாள் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் நான் போனேன். கடப்பைத் திறக்காமலே அந்த உம்மா நின்றா. முகம் காய்ந்திருந்தது. "மிஸ், நீங்க படிச்ச ஆக்கள். உண்மையச் சொல்லுங்க. இவள் ஆரு ஆருக்கெல்லாம் சொல்லிரிக்காள்? கேட்டா, உங்களுக்கு மட்டும்தான் சொன்னன் எண்டு சாதிக்காள்."

ஜன்னல் திரைக்குப் பின்னால் அவள் நின்றாள். எனக்கு நிழல் தெரிந்தது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல ராத்தா" என்றேன்.

வாயில் இருந்து அது எவ்வளவு இலேசாக வந்தது தெரியுமா? யோசிக்கவே இல்லை. உம்மா உள்ளே திரும்பி, "கேட்டியாடி? அப்ப காத்து வந்தாடி சொன்ன?" என்று கத்தினா. திரைக்குப் பின்னால் நிழல் இல்லாமல் போனது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அந்த வீட்டில் அவள்தான் குற்றவாளி. வாய் அடங்காதவள், வாப்பாவின் மானத்தை ஒழுங்கைக்கு விற்றவள். அது அவள் இல்லை என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். அவள், நான், மிஸ்.

அன்றிரவே மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். மூச்சு விடாமல் சொன்னேன். "மிஸ், அது நான் உங்களுக்குச் சொன்ன பிள்ள. தாளில கையொப்பம் வெச்சீங்களே மிஸ். இப்ப அந்தப் பிள்ள வீட்ட விட்டு வெளிய வாறல்ல."

மறுமுனையில் சத்தம் இல்லை. எண்ணுகிறார் என்று விளங்கியது. விளங்கியும் என்ன பயன்? ஆறாவது எண்ணிக்கையில் நான் திரும்பவும் தொடங்கிவிட்டேன். கடப்படியில் நின்று பொய் சொன்னதையும் அழுது அழுது கொட்டினேன்.

கடைசியில் மிஸ் சொன்னார், ஆறுதலான அதே குரலில்: "பேர மாத்தித்தானே மகள் நான் சொன்ன."

"சொக்லட்ட மாத்தல்லயே மிஸ்."

"சொக்லட் இல்லாட்டி அந்தக் கதையில என்ன மகள் இரிக்கு?"

அவரே தொடர்ந்தார். "நாப்பது டீச்சர்மார் கேட்டு அழுதாங்க. அந்த நாப்பது பேரும் இனி ஒரு பிள்ளையாவது சரியாக் கேப்பாங்க. அதையும் தராசில வைங்க."

வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்த நாற்பது பேரில் ஒருத்தி நாளைக்கு ஒரு பிள்ளையைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் அந்தத் தராசில் வைக்கப்பட்டது மிஸ்ஸுடைய பொருள் இல்லை. என்னுடையதும் இல்லை.

பெயரை மாற்றினால் போதும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ! எங்கள் ஊரில் ஒரு வகுப்பில் ஆறு பாத்திமா. பெயர் இடாப்பில் வரவு கூப்பிட மட்டும்தான். மற்றபடி ஒரு பிள்ளையை எந்தக் குடி, எந்த ஒழுங்கை, உம்மா என்ன செய்கிறா, பெருநாளைக்கு என்ன கொடுத்தார்கள் என்றுதான் அறிவோம். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த மிஸ்ஸுக்கு இது தெரியாதா? தெரியும். மேடையில் நிற்கிறபோது மறந்துபோகும்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஒரு மாதம் கழித்து என்னோடு படித்த சினேகிதி ஒருத்தி வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். அவள் வேறு மாவட்டத்தில் ஆசிரியை. "இஞ்ச ஒரு பயிற்சிக்கு வந்த. வளவாளர் மிஸ் ஒரு கதை சொன்ன. ஒரு இளம் டீச்சராம். பேர் நஸ்ரின் எண்டு வைப்பமாம். பிள்ளைட இரகசியத்தச் சொல்லிட்டு, கடப்படியில நிண்டு பொய்யும் சொல்லிட்டு, போன்ல மூச்சு விடாம அழுதவவாம். மூச்சு விடாமக் கதைக்கிற எண்டு சொன்னவுடன எனக்கு உன்ட ஞாபகம்தான்டி வந்திச்சி. நீயா அது?" என்று சிரித்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது என் காது இரண்டும் கொதித்தது. யார் யார் கேட்டார்கள், எத்தனை பேர் என் அழுகையைக் கொப்பியில் எழுதினார்கள், இனிக் கல்முனை பஸ்ஸில் என்னைப் பார்த்துத் திரும்புகிற முகத்தில் எது நஸ்ரினை அறிந்த முகம்? அப்போதுதான், அந்தத் திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உடம்பில் விளங்கியது. கெரியரை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போன மகளுக்கும்.

எங்களுக்குக் கேட்கப் பழக்கிய அவரைப் போல ஒருவரை நான் இன்னும் காணவில்லை. அதுதான் ஆறவில்லை. கேட்கத் தெரியாதவர் சொல்லிக் கொடுத்துவிட்டால் மன்னித்துவிடலாம். இவர் தன் மகளிடம், அந்தப் பிரதி அதிபரிடம், என்னிடம் உயிரைக் கொடுத்துக் கேட்டார். கேட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. நான் மேலே எழுதிய நாடு கட்டார் இல்லை. பெட்டிக்குள் இருந்தது சொக்லட் இல்லை. வாப்பாவுக்கு நடந்ததும் வேறு. மிஸ்ஸுடைய மகளின் கதையில் பாயும் இல்லை. யாராவது இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினால் ஒரு வீடும் அகப்படாது. மிஸ்ஸின் கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றவில்லை. அவர் தன்னைக் கண்டுகொள்ளட்டும்.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. அவளுடைய அனுமதி அட்டை அதிபரின் அலுமாரியில். "கொண்டு குடுத்துட்டு வாங்க புள்ள, சோதினைய எழுதட்டும்" என்று அதிபர் நேற்றும் சொன்னார். முதல் தரம் போகிறபோது அதைக் கொண்டு போகப் போவதில்லை. கையில் அட்டையைக் கண்டால் பாடசாலை அலுவலாக வந்தேன் என்று அந்த உம்மா நினைப்பா. அட்டைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன்.

வருகிற வெள்ளி, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன பிறகு போகிறேன். அந்த நேரம் ஒழுங்கையில் ஆள் இருக்காது. உம்மாவும் மகளும் கேட்க, "நான்தான் சொன்ன. உங்கட மகள் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அண்டைக்குக் கடப்படியில நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று வசனத்தையும் மூச்சு விட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகுகிறேன். உம்மா கடப்பை அறைந்து சாத்தலாம். வாயில் வந்ததை ஏசலாம். சாத்தினால் அடுத்த வெள்ளியும் போவேன்.

அவள் ஏதாவது சொல்வாளா, எனக்குத் தெரியாது. சொன்னால், அதை நீங்கள் எங்கேயும் வாசிக்கப் போவதில்லை.